செம்புலிங்கத்தின் இரு வரலாறுகள்

தென் மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்து, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலும் திருவள்ளூர்ப் பகுதி ஆலைகளிலும் காலூன்றிவிட்ட குடும்பங்கள் நம் பங்குகளில் பல உண்டு. அவர்களுள் முதியோர் பலர் கேட்டு வளர்ந்த பெயர் செம்புலிங்கம். 1920-களின் தொடக்கத்தில் நெல்லைச் சீமையின் காவல் துறையைக் கலங்கடித்த ஜம்புலிங்க நாடாரே மக்கள் நாவில் செம்புலிங்கம் ஆனார். செல்வரிடம் பறித்து ஏழைக்கு ஈந்தவர் என்பது அவர் பெற்ற புகழ். பறிகொடுத்தவர்களுக்காக எவரும் பாட்டுக் கட்டுவதில்லை!

கொள்ளையனைக் கதையாக்குவது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. அமெரிக்கப் புரட்சிப் போரில் படைத்தலைவராய் இருந்த சாமுவேல் மேசன், 1797-இல் ஒகையோ ஆற்றங்கரைக் குகையொன்றில் மதுக்கடை நடத்தி, படகில் வந்தவர்களைச் சூறையாடினார். அவர் கதையும் அங்கே இன்றுவரை வழங்குகிறது. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. மேசனை வளர்த்தது சட்டம் எட்டாத காடு. செம்புலிங்கத்தின் ஊரிலோ சட்டம் இருந்தது. அது தடியோடு வந்தது.

இது மிகைக் கூற்றன்று. சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காகவும் குற்றத்தை ஒப்புவிக்கவும் மக்கள் வதைக்கப்பட்டதை, அரசு அமைத்த ஆணையமே 1855-இல் அறிக்கையாக வெளியிட்டது. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், காவலரிடம் தரப்படும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று விதித்ததற்கு அடிப்படை இந்த அச்சமே. எனினும் அச்சட்டம் ஒரு சிறு வாயிலைத் திறந்தே வைத்தது. கைதி சொன்னதைக் கொண்டு களவுப் பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதற்குரிய அளவில் அச்சொல் சான்றாகும். அடிப்பதற்கு அது போதுமான தூண்டுதலாயிற்று.

செம்புலிங்கத்தின் மனநிலையை விளங்கிக்கொள்ள இப்பின்னணி தேவை. செய்யாத குற்றம் சுமத்தப்பட்டதாலேயே அவர் காட்டுக்குள் புகுந்தார் என்று டோனாவூரில் பணியாற்றிய ஏமி கார்மைக்கேல் அம்மையார் எழுதுகிறார். அயர்லாந்திலிருந்து வந்து 1901 முதல் அவ்வூரில் பிள்ளைகளை வளர்த்துவந்த பிராட்டஸ்டண்டு ஊழியர் அவர். 1921-இல் வழியில் அவரைச் சந்தித்த செம்புலிங்கம், தம் பிள்ளைகளைப் பேணும்படி வேண்டினார். சரணடையுமாறு அம்மையார் அறிவுரைத்தார். காவலரின் வதைக்கு அஞ்சி அவர் மறுத்துவிட்டார்.

பின்னர் அவர் பிடிபட்டார். காவலில் இருந்த நாள்களில் மனம் திரும்பித் திருமுழுக்குப் பெற்றார். அம்மையாரின் நூல் இதை மகிழ்வோடு பதிவு செய்கிறது. நமக்கோ இவ்விடத்தில்தான் கதை கடினமாகிறது. கல்வாரியின் நல்ல கள்வருக்கு மனமாற்றத்துக்குப்பின் சில மணி நேரமே எஞ்சியிருந்தது. செம்புலிங்கம் அதன்பின்னும் வாழவேண்டியிருந்தது. அதுவும் அதே காவலர், அதே குற்றச்சாட்டுகள் நடுவே. அவர் தப்பியோடினார். பிறர் செய்த கொள்ளைகளும் அவர் பெயரில் ஏறின. உள்ளத்தில் மன்னிப்புப் பெற்றவர் ஊர்க் கணக்கில் கொள்ளையராகவே இருந்தார்.

தப்பியது சரியா? சரி என்று நாம் சொல்லோம். ஆனால் நேர்மையான விசாரணை கிடைக்கும் என்று அவர் நம்புவதற்கு அவருடைய காலம் எந்தக் காரணமும் தரவில்லை என்பதைச் சொல்லாமல் அவரைக் குறைகூறுவதும் எளிதன்று.

1923 செப்டம்பர் 20-ஆம் நாள் காவலர் அவரைச் சுட்டுக் கொன்றனர். இறந்தவர்மேல் வழக்கு நடவாது. எனவே அவர்மீது சுமத்தப்பட்டவற்றுள் எது மெய், எது புனைவு என்று பிரித்தறியும் கேள்வியும் அன்றே மூடப்பட்டது. அவரை ‘ராஜ்’ எனக் குறிப்பிட்டு அம்மையார் எழுதிய ஆங்கில நூல் 1927-இல் வெளிவந்தது. அந்நூல் போற்றுவது மனந்திரும்பிய ராஜை. நெல்லையின் நாட்டார் வழக்கு போற்றுவது துப்பாக்கி ஏந்திய செம்புலிங்கத்தை. கதை கேட்டு வளர்ந்த தென்பகுதியினர் பலருக்கு அந்தத் திருமுழுக்கைப் பற்றித் தெரியாது. நூலைப் படித்த வெளிநாட்டார் பலருக்கு அவருடைய இயற்பெயர் தெரியாது.