எட்டாம் வகுப்பில் நான் தப்பாகச் சொன்ன வால் சக்கரம்

பதிவு கொஞ்சம் நீளம், காபியோடு உட்காருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவிலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் வீடியோ காலில் வந்தான். பெயர் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டான். ஆறு வருடமாக வீட்டு கார் ஷெட்டில், இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றைத் தன் கையாலேயே கட்டிக்கொண்டிருக்கிறான். அந்த நாட்டில் இது சட்டப்படி நடக்கிற காரியம்தான். வேலையில் பாதிக்கு மேல் சொந்தமாகக் கட்டுகிறவர்கள் செய்திருக்க வேண்டும், ஆய்வாளர் பார்த்துச் சான்று தர வேண்டும்.

முதல் தடவை ஓடுதளத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறான். பறக்கக்கூட இல்லை, தரையில்தான். திடீரென்று விமானம் பம்பரம் மாதிரி சுழன்று புல்லுக்குள் போய்விட்டது. இறக்கை நுனி தரையில் உரசியிருக்கிறது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"சார், பின்சக்கரம் சும்மா பாரம் தாங்கத்தான்னு எட்டாம் வகுப்புல சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எளிய இயந்திரங்கள் பாடத்தில் பேச்சுவாக்கில் உங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அதைச் சொல்லியிருக்கிறேன். அது தப்பு. ஒரு வாரம் உட்கார்ந்து படித்ததை இங்கே எழுதுகிறேன்.

1903ல் ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்துக்குச் சக்கரமே கிடையாது. முதல் உலகப் போர் சமயத்தில் முன்னால் இரண்டு சக்கரம், வாலில் ஒரு மரச் சறுக்குக்கட்டை என்று வழக்கமாகிவிட்டது. அந்த விமானங்களுக்கு பிரேக் இல்லை. இறங்குவது புல்வெளியில். கட்டை மண்ணைக் கீறிக்கொண்டே வரும். அதுதான் பிரேக், வாலை நேராகப் பிடித்துக்கொண்டதும் அதுதான். 1927ல் லிண்ட்பெர்க் தனியாக அட்லாண்டிக்கைத் தாண்டிய விமானத்திலும் வாலில் கட்டைதான்.

வீட்டில் விமானம் கட்டும் கதையும் இந்தக் காலத்தில்தான் சூடு பிடிக்கிறது. மினசோட்டா மாநிலத்தில் செர்ரி குரோவ் என்று ஒரு குக்கிராமம். அங்கே பெர்னார்ட் பீட்டன்போல் என்கிற மெக்கானிக். கார் எஞ்சினை வைத்து விமானம் ஓட்ட முடியாது என்று பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர் ஃபோர்டு மாடல் ஏ கார் எஞ்சினை மாட்டிப் பறந்தே காட்டினார். எழுதிய பத்திரிகையே 1930களின் தொடக்கத்தில் அவருடைய வரைபடத்தை வெளியிட்டது. அதைப் பார்த்து இன்றைக்கும் கட்டுகிறார்கள். (ரேடியேட்டர் ஓட்டுபவருக்கு முன்னால் நட்டமாக நிற்கும். எதிரே என்ன தெரியும் என்று எனக்குப் புரியவில்லை!) அவர் வரைபடத்திலும் வாலில் கட்டைதான்.

பிறகு விமான நிலையங்களில் சிமெண்ட், தார் ஓடுதளங்கள் வந்தன. அதில் கட்டைக்குப் பிடிப்பு கிடையாது, தேய்ந்துபோகும். முன்சக்கரங்களுக்கு பிரேக்கும் வந்துவிட்டது. கட்டைக்கு வேலை போய் வாலில் சக்கரம் வந்தது. 1936ல் முதன்முதலாகப் பறந்த ஸ்பிட்ஃபயர் மாதிரி விமானத்தில் கட்டை இருந்தது; தொழிற்சாலையிலிருந்து வரிசையாக வந்தவற்றில் சக்கரம். அவ்வளவு சீக்கிரம் மாறியது.

ஆனால் கட்டை கொடுத்த நிலைப்பைச் சக்கரம் கொடுக்கவில்லை. இதைத்தான் நான் அன்று யோசிக்கவில்லை. ஓர் அம்பை இறகு முன்னால் வரும்படி எறிந்து பாருங்கள், நடுவழியில் திரும்பிக்கொள்ளும். வால்சக்கர விமானம் தரையில் அந்தத் தலைகீழ் அம்புதான். தரையைப் பிடிக்கிற பெரிய சக்கரங்கள் முன்னால், எடையின் மையம் அவற்றுக்குப் பின்னால். கொஞ்சம் கோணினால் போதும், பின்னால் வரும் எடை இன்னும் கோணவைக்கும். வால்சக்கரம் தன்னிஷ்டத்துக்குச் சுழன்றால் அதைத் தடுக்க ஆளில்லை.

சரி, சக்கரத்தைச் சுக்கானோடு ஒரு கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டால்? சுக்கான் என்றால் வாலில் நிற்கும் பலகை. ஓட்டுபவர் கால் மிதியால் திருப்புவது. பக்கக்காற்றில் இறங்கும்போது அதை ஒரு பக்கம் திருப்பிவைத்திருப்பார். சக்கரமும் கோணலாகவே தரையைத் தொடும், வெடுக்கென்று இழுக்கும். குழியில் விழுந்த அடியெல்லாம் நேராகச் சுக்கானுக்குப் போகும். அதனால்தான் நடுவே பக்கத்துக்கு ஒரு ஸ்பிரிங், கொஞ்சம் சங்கிலி. மிதியை அழுத்தினால் சக்கரம் திரும்பும். அடி விழுந்தால் ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். 1940களில் பெல்ஃபோர்ட் மால் என்பவர் வால்சக்கரம் செய்து விற்றே பெயர் வாங்கினார், பிறகு விமானமே செய்யத் தொடங்கினார். 1953ல் பால் போபரெஸ்னி மில்வாக்கியில் வீட்டில் விமானம் கட்டுகிறவர்களுக்குச் சங்கம் ஆரம்பித்த பிறகு, இந்த ஸ்பிரிங் சங்கதியெல்லாம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தது.

நம் ஊரிலும் இது உண்டு. பெங்களூரு ஹெச்.ஏ.எல். 1958ல் பறக்கவிட்ட புஷ்பக் வால்சக்கர விமானம்தான். நம் ஃப்ளையிங் கிளப்களில் எத்தனையோ பேர் அதில்தான் கற்றார்கள்.

மாணவன் செய்த பிழை எங்கே? ஷெட்டில் வாலை ஸ்டாண்டில் தூக்கிவைத்து, சங்கிலிக் கண்ணியை எண்ணி மாட்டியிருக்கிறான். வாலைத் தரையில் இறக்கியதும், சக்கரத்தைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங் எடையில் வளைந்தது. சக்கரம் நகர்ந்தது, இரண்டு பக்கச் சங்கிலியும் தொய்ந்துவிட்டன. மிதியை அழுத்தினால் முதலில் சுக்கான் மட்டும் திரும்பும், சக்கரம் தாமதமாகத்தான் கேட்கும். கேட்கவில்லையே என்று இன்னும் அழுத்தியிருக்கிறான், அது மொத்தமாகத் திரும்பிவிட்டது.

வாலில் முழு எடையும் இருக்கும்போது, சக்கரமும் சுக்கானும் நேராக நிற்க, தொய்வு இல்லாமல் மாட்ட வேண்டும். இழுத்துப் பிடிக்கவும் கூடாது. கீலும் கேபிளும் தேயும், மிதி கனக்கும். இப்போது பக்கத்துக்கு ஒரு கண்ணி குறைத்திருக்கிறான்.

நேற்று இரவு குறுஞ்செய்தி: "சார், நேரா ஓடுது." இன்னும் பறக்கவில்லை, ஆய்வு பாக்கி. பக்கத்து இருக்கையில் முதலில் யார் என்று கேட்டேன். மனைவி இன்னும் சம்மதிக்கவில்லையாம்.

எட்டாம் வகுப்பு அறிவியல் நோட்டை யாராவது இன்னும் பத்திரமாக வைத்திருந்தால், அந்த வரியை அடித்துவிடவும். சிவப்பு மையில்.