கொல்கத்தா – அகர்தலா: வான்தூரமும் பயண நேரமும்

கொல்கத்தாவின் டம் டம் பகுதியிலுள்ள நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் பன்னாட்டு விமான நிலையத்துக்கும், திரிபுராவின் தலைநகரான அகர்தலாவின் மகாராஜா வீர் விக்ரம் விமான நிலையத்துக்கும் இடையே உள்ள வான்தூரம் ஏறத்தாழ 317 கி.மீ.; அதாவது 171 கடல் மைல். பயண நேரம் சுமார் ஒரு மணி. இதே பயணத்தை இந்திய எல்லையைத் தாண்டாமல் ரயிலில் மேற்கொண்டால் 1,500 கி.மீ.க்கு மேல் போக வேண்டும், ஒன்றரை நாள் பிடிக்கும். சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே வான்தூரம் 290 கி.மீ. சொச்சம், ரயில் பாதை சுமார் 336 கி.மீ. அங்கே வித்தியாசம் சொற்பம். இங்கே ஏறத்தாழ ஐந்து மடங்கு.

காரணம் 1947. அதற்கு முன் அகர்தலாக்காரர்கள் பக்கத்திலிருந்த அகவுரா நிலையத்துக்குப் போய் ரயிலேறினார்கள். பிரிவினையில் அந்த நிலையம் கிழக்குப் பாகிஸ்தானுக்கு, அதாவது இன்றைய வங்கதேசத்துக்கு, போய்விட்டது. 1949 அக்டோபரில் திரிபுரா சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தபோது மூன்று பக்கமும் அயல்நாடு. தரைவழியென்றால் வடக்கே சிலிகுரியின் குறுகிய நிலப்பட்டை வரை ஏறி, அசாமைச் சுற்றித்தான் வர வேண்டும். அந்தச் சுற்றுவழியிலும் அகர்தலாவுக்கு அகலப்பாதை ரயில் வந்தது 2016இல்தான்.

விமானத்துக்கு அந்தச் சுற்று இல்லை. இரு நிலையங்களையும் வரைபடத்தில் நேர்கோட்டால் இணைத்தால், அதன் பெரும்பகுதி வங்கதேசத்தின் மேல் விழும். ஜெசூருக்குத் தெற்கே சென்று, 2022இல் திறக்கப்பட்ட பத்மா பாலத்தை ஒட்டிப் போகும். வங்கதேசக் கடிகாரம் நமக்கு அரை மணி முந்தியது. ஆனால் புறப்படும் இடமும் சேரும் இடமும் இந்திய நேரத்தில் இருப்பதால் பயணச்சீட்டுக் கணக்கில் குழப்பமில்லை.

மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறக்கும் ஜெட்டுக்கு 317 கி.மீ. கடக்க 25 நிமிடம் கூட ஆகாது. பிறகு ஏன் ஒரு மணி நேரம்? அட்டவணை நேரம் என்பது விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் வந்து நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முறைக்குக் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். போதாததற்கு, இரண்டு ஊரிலும் ஓடுபாதை வடக்கு தெற்காகக் கிடக்கிறது. போக வேண்டிய திசையோ கிழக்கு வடகிழக்கு. எனவே இரு முனையிலும் விமானம் வளைந்து திரும்ப வேண்டும். உயரத்துக்கு ஏறிச் சமனானதும் சற்று நேரத்தில் இறங்கத் தொடங்கிவிடும். முழு வேகத்தில் பறக்க வாய்ப்பே குறைவு என்பதால், மணிக்கு 500 கி.மீ. செல்லும் ஏடிஆர் என்னும் விசிறி விமானமும் ஜெட்டைவிடப் பெரிதாகப் பின்தங்காது. குறுகிய வழித்தடங்களில் தூரத்தை வேகத்தால் வகுத்து நேரத்தைக் கணிப்பது வீண் வேலை.

அகர்தலா விமான நிலையம் நகரிலிருந்து சுமார் 12 கி.மீ. தொலைவில், எல்லையோரமாக சிங்கர்பிலில் உள்ளது. உலகப் போர்க் காலத்தில், 1942இல், மன்னர் வீர் விக்ரம் கிஷோர் மாணிக்யா அளித்த நிலத்தில் எழுந்தது. 2018இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. 2022 ஜனவரியில் புதிய முனையம் திறக்கப்பட்டது.

12.24 கி.மீ. நீளமுள்ள அகர்தலா–அகவுரா ரயில் இணைப்பை 2023 நவம்பர் 1இல் இரு நாட்டுப் பிரதமர்களும் தொடங்கி வைத்தனர். இந்த வழியே பயணிகள் ரயில் ஓடினால் கொல்கத்தா 500 கி.மீ. சொச்சத்தில் வந்துவிடும். வங்கதேசம் வழியாகத் தரையில் போவோர் கடவுச்சீட்டும் விசாவும் வைத்திருக்க வேண்டும். அதே நாட்டின் மேலே விமானத்தில் பறந்து போவோருக்கு உள்நாட்டுப் பயணத்துக்கான அடையாள அட்டை போதும்.