ஆற்றங்கரை அரசுகளின் சிதைவுகள்

புக்கிட் தெங்காவுக்கு அணித்தேயுள்ள புக்கிட் மெர்தாஜாமில், செரோக் தோக்குன் என்னுமிடத்தில், புனித அன்னாள் ஆலய வளாகத்துள் எழுத்துப் பொறித்த பெரும்பாறை ஒன்று உண்டு. எழுத்து பல்லவர் வரிவடிவை ஒத்தது, மொழி வடமொழி. 1845-இல் இதனைக் கண்டறிந்தவர் ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கிலப் படை அதிகாரி.

இவரே 1834-இல் செபராங் பிறையின் வடபகுதியில் மற்றொரு கல்வெட்டையும் கண்டெடுத்தார். அக்கல் கல்கத்தாவுக்குச் சென்று, இன்று அங்குள்ள இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தூபி வடிவம் செதுக்கிய அக்கல்லில், இரத்தமிருத்திகையைச் சேர்ந்த புத்தகுப்தன் என்னும் மாநாவிகன் தன் கடற்பயணம் இனிது முடிய வேண்டுகிறான். காலம் ஏறத்தாழக் கி. பி. 5-ஆம் நூற்றாண்டு. இரத்தமிருத்திகை என்பதன் பொருள் செம்மண் நிலம். அது வங்கத்து ஊர் என்பார் பலர். கெடாவே என்பாரும் உளர். கல் பெயர்க்கப்பட்ட இடம் நுணுக்கமாக அறியப்பட்டிருப்பின் இவ்வழக்கிற்கு ஒரு சான்றேனும் கிடைத்திருக்கும்.

கல்லைப் பெயர்ப்பதே தவறு என்று கூறிவிடவும் இயலாது. நைல் நதிக்கரையில், இன்றைய சூடான் நாட்டில், மக்கூரியா என்னும் கிறித்தவ அரசு பல நூற்றாண்டுகள் நிலைத்திருந்தது. அதன் ஆட்சிக்குட்பட்ட பாரஸ் நகரத்துப் பேராலயம் மணலுள் புதைந்தமையாலேயே சுவரோவியங்கள் அழியாது நின்றன. அசுவான் அணையின் நீர் சூழுமுன், 1961 முதல் 1964 வரை மிக்கலோவ்ஸ்கி தலைமையில் போலந்து அறிஞர் அவற்றைப் பெயர்த்தனர். எவ்வோவியம் எச்சுவரில் எதன்மேல் தீட்டப்பட்டது என்பதைக் குறித்துக்கொண்ட பின்னரே பெயர்த்தனர் என்பது கருதத்தக்கது. ஆயர்கள் 27 பேரின் பெயர்ப்பட்டியலும் அவ்வாலயச் சுவரிலேயே கிடைத்தது. ஓவியங்கள் வார்சாவிலும் கார்த்தூமிலும் உள்ளன. சுவர்கள் நீருக்கடியில் உள்ளன. வரலாறு மட்டும் சிதையவில்லை.

நம் கடாரத்திலும் இத்தகைய பணி நிகழாமல் இல்லை. இராசேந்திர சோழன் 1025-ஐ ஒட்டிப் படையெடுத்த கடாரம், மெர்போக் ஆற்றையும் பூஜாங் ஆற்றையும் சார்ந்து செழித்த நாடென்பது பெரும்பாலோர் கொள்கை. அங்கே 1936–37-இல் குவாரிட்ச் வேல்ஸ் அகழ்ந்து, கோயில்களுக்கு எண்ணிட்டார். புக்கிட் பத்து பகாட் கோயிலை அலாஸ்டர் லாம்ப் 1960-இல் மீண்டும் எழுப்பினார். அதன் அடித்தளத்துக் கற்பேழைகள், ஆகமங்கள் கூறும் கருப்பந்நியாசச் சடங்கு அங்கு நிகழ்ந்ததைக் காட்டுகின்றன. சந்தைக்கு வந்த தனிப் பேழையாக அவை கிடைத்திருந்தால் இச்செய்தியை யார் அறிவார்?

வேல்ஸ் 11 என எண்ணிட்ட கோயிலுக்கு அந்நற்பேறு வாய்க்கவில்லை. 2013-இல் வீட்டுமனை அமைக்க நிலத்தைச் சமன்செய்தபோது அது இடித்துத் தள்ளப்பட்டது.