நாகமலை அடிவாரமும் அலைகாட்டிப் பழுதுநீக்கமும்

மதுரையிலிருந்து தேனி செல்லும் சாலையில், நாகமலை புதுக்கோட்டையை அடுத்த வளாகத்தில் அமைந்துள்ள பல்கலைக்கழகம் 1966இல் தோன்றி 1978இல் காமராசர் பெயரைப் பெற்றது. அது வளர்ந்த காலத்தில் தமிழ்நாட்டு ஆய்வுக்கூடங்களுக்குக் கருவியை வாங்குவதைவிட, வாங்கியதைச் சாகவிடாமல் காப்பதே பெரும்பாடாக இருந்தது. ஆய்வுக்கூடத்தார் சி.ஆர்.ஓ. என்றழைக்கும் எதிர்மின்கதிர் அலைகாட்டி இதற்குத் தக்க சான்றாகும்.

மின்னழுத்தம் நேரத்தோடு மாறுவதை ஒளிரும் கோடாகத் திரையில் வரையும் இக்கருவியின் படக்குழாயை 1897இல் ஜெர்மானியரான கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் உருவாக்கினார். ஒவ்வொரு அலையையும் அதே புள்ளியிலிருந்து வரையத் தொடங்கி, படத்தை நடுங்காமல் நிறுத்தும் ‘ட்ரிகர்’ முறை, அமெரிக்காவின் டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1947இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 511 என்ற மாடலின் வழியே பரவியது. நாகமலைப் பகுதியில் இத்தகைய கருவிக்குத் தனித்த தேவையும் இருந்தது. உயிரியலாளர் எம். கே. சந்திரசேகரன் குழுவினர் ஆராய்ந்த சமணர் மலைக் குகை வௌவால்கள் எழுப்பும் ஒலி ஏறத்தாழ 130 கிலோஹெர்ட்ஸ் என்பதால், 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும் மனிதச் செவிக்கு எட்டாத அதன் வடிவத்தைக் கண்ணால் பார்க்க அலைகாட்டி போன்ற கருவியே வேண்டியிருந்தது.

அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் இறக்குமதி உரிமமும் 1991 வரை நீடித்ததால், ஓர் உதிரிபாகத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. இந்தூரில் தயாரான, ஜெர்மனியின் ஹாமெக் வடிவமைப்பைத் தழுவிய எச்.எம்.203 போன்ற உள்நாட்டுக் கருவிகள் கல்லூரிகளின் சுமையை ஓரளவு குறைத்தன. பழுதுபார்ப்பையே நிறுவன வேலையாக்கும் நோக்குடன் பல்கலைக்கழக மானியக்குழு 1970களில் வகுத்த திட்டத்தின்கீழ் அறிவியல் கருவியியல் மையங்கள் உருவாயின. மதுரையிலும் அத்தகைய மையம் அமைந்தது.

பழுதுபார்ப்பவருக்குக் கை கொடுத்தது கருவியோடு வந்த கையேடுதான். முழுச் சுற்றுப்படமும், முக்கிய முனைகளில் இருக்கவேண்டிய மின்னழுத்தமும், அங்கே தெரியவேண்டிய அலைவடிவமும் அதில் அச்சாகியிருந்தன. எந்தக் குறையாயினும் மின்வழங்கியிலிருந்தே தேடலைத் தொடங்குவது மரபாயிற்று. வால்வு காலத்து டெக்ட்ரானிக்ஸ் கருவிகளில் மைனஸ் 150 வோல்ட் வழங்கியை ஆதாரமாகக் கொண்டே மற்ற மின்னழுத்தங்கள் நிற்பதால், அது சற்றே பிசகினாலும் பெருக்கியில் இல்லாத குற்றத்தைத் தேடி நாள் வீணாகும். நேர்கோடாக ஓடவேண்டிய ஒளிக்கோடு, கட்டத்துக்கு 5 மில்லிசெகண்ட் என்ற வேகத்தில் இரண்டு கட்டத்துக்கொரு முறை மேடுகட்டினால், அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நேராக்கும்போது எழும் 100 ஹெர்ட்ஸ் சிற்றலை என்றும், அதை வடிகட்டவேண்டிய மின்பகு கண்டன்சர் உலர்ந்துவிட்டது என்றும் அனுபவமுள்ளவர் கருவியைத் திறக்காமலே ஊகிப்பார். 10 டிகிரி வெப்பம் கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் தொழிலில் வழங்கும் கணக்கு. மதுரை வெயிலில் அந்தக் கணக்கு யாருக்கும் விளக்கத் தேவைப்பட்டிராது.

பழைய டெக்ட்ரானிக்ஸ் கருவிகளில் பாகங்கள் வெள்ளி பூசிய பீங்கான் பட்டைகளில் பற்றவைக்கப்பட்டிருந்தன. சாதாரண ஈயம் அந்த வெள்ளியைக் கரைத்துப் பிடிப்பையே கெடுத்துவிடும் என்பதால், 3 சதவீதம் வெள்ளி கலந்த ஈயக்கம்பியின் சிறு சுருளைக் கருவிக்குள்ளேயே வைத்து அனுப்பினர். வாங்குபவரே ஒருநாள் கருவியைத் திறப்பார் என்று தயாரிப்பாளர் எதிர்பார்த்த காலம் அது. அப்படித் திறப்பவரும் படக்குழாய்க்குச் செல்லும் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னேற்றத்தை முதலில் வடித்துவிடவேண்டும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கண்டன்சர்களில் அது தங்கியிருக்கும்.

இந்தத் திறந்த தன்மை 1970களிலேயே சுருங்கத் தொடங்கியது. நிறுவனங்கள் தமக்கென வடித்த சில்லுகள் உள்ளே புகுந்தபின், ஒன்று பழுதானால் சுற்றுப்படம் கையிலிருந்தும் பயனில்லை. டிஜிட்டல் அலைகாட்டிகளில் அட்டையையே மாற்றுவது வழக்கமாயிற்று. அலைகாட்டிப் படக்குழாய்களின் தயாரிப்பும் அருகிப்போனதால், பழைய கருவி ஒன்றின் குழாய் மங்கினால் அதே மாடலின் இன்னொரு பழுதான கருவியைக் கழற்றியே பெரும்பாலும் மாற்றுக் குழாய் எடுக்கவேண்டியுள்ளது.