பீல் தெருவின் பிள்ளைகள்: கார்டிஃப் நகரில் மறைந்துபோன ஒரு பகுதி

1943ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட சில கறுப்பு வெள்ளைப் படங்கள் லண்டனிலுள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. தொழுகைக்குத் திரண்ட கடலோடிகள், அவர்களிடையே ஒரு ஷைகு, பாடம் கேட்கும் சிறுவர் சிறுமியர் ஆகியோரை அவற்றில் காண்கிறோம். அப்பிள்ளைகளின் முகங்களைப் பார்க்கையில் நம் ஊர் மதரஸாவின் மாலை வகுப்பே நினைவுக்கு வருகிறது. ஆனால் அவ்விடம் பிரிட்டனின் வேல்ஸ் நாட்டுத் துறைமுக நகரமான கார்டிஃப். தெருவின் பெயர் பீல் தெரு. இன்று அத்தெருவும் இல்லை, அப்பள்ளிவாசலும் இல்லை.

அதே பகுதியைக் காட்டும் வேறு வகைப் படங்களும் உண்டு. அவற்றில் மதுக்கூடங்களின் வாசல்களையும், சூதாடும் மேசைகளையும், இரவு விளக்கின் கீழ் நிற்கும் மாலுமிகளையும் காண்கிறோம். இரண்டும் உண்மையான படங்களே. ஆயினும் உலகம் இரண்டாம் வகையை மட்டுமே நினைவில் வைத்தது. அதனால் நேர்ந்தது என்ன என்பதைச் சிந்திக்கவே இதனை எழுதுகிறோம்.

துறைமுகம் பெற்ற ஊர்

கார்டிஃப் நகரில் பியூட் பிரபு கட்டிய முதல் கப்பல் துறை 1839ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஆங்கிலேயர் ஏடன் துறைமுகத்தைக் கைப்பற்றியதும் அதே ஆண்டில்தான். தொடர்பற்றவை போலத் தோன்றும் இவ்விரு நிகழ்வுகளும் பின்னர் ஒன்றோடொன்று பிணைந்தன. வேல்ஸ் பள்ளத்தாக்குகளின் நிலக்கரி கார்டிஃப் வழியாக உலகெங்கும் சென்றது. சூயஸ் கால்வாய் 1869இல் திறக்கப்பட்டபின், நீராவிக் கப்பல்கள் ஏடனில் நின்று கரி நிரப்பிச் சென்றன. அங்கே ஏமன் நாட்டவரும் சோமாலியரும் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தனர். கொதிகலனின் தாங்கவொண்ணா வெப்பத்தில் கரி அள்ளிப் போடுவதே அவர்களுக்குக் கிடைத்த வேலை. கார்டிஃப்பில் இறங்கியவர்களுள் பலர் அங்கேயே தங்கினர்.

அவர்கள் தங்கிய பகுதி பியூட்டவுன். வெளியார் அதனை டைகர் பே என்று அழைத்தனர். ஒரு பக்கம் இரயில் பாதையும் மறுபக்கம் கால்வாயும் தெற்கே கப்பல் துறைகளும் சூழ்ந்திருந்ததால், நகரத்தினுள் ஒரு தீவு போலவே அது விளங்கியது. மேற்கு ஆப்பிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள், மால்டா, போர்ச்சுகல், நார்வே, சீனா, இந்தியத் துணைக்கண்டம் எனப் பல நாட்டவர் அங்கே அண்டை வீட்டாராயினர். 1913ஆம் ஆண்டில் கார்டிஃப் துறைமுகம் ஒரு கோடி டன்னுக்கும் மேற்பட்ட நிலக்கரியை ஏற்றுமதி செய்தது. அவ்வளவு செல்வமும் கடந்து சென்ற பாதையில் வாழ்ந்த இம்மக்களுக்கு அதில் கிடைத்தது சொற்பமே.

முதல் உலகப் போர் முடிந்ததும் வேலை அருகியது. 1919 ஜூன் மாதத்தில் வெள்ளையர் கூட்டங்கள் இம்மக்களின் வீடுகளையும் தங்கும் விடுதிகளையும் தாக்கின. கலவரத்தில் மூவர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர் முஹம்மது அப்துல்லாஹ் என்னும் கப்பல் தொழிலாளி.

மதுக்கூடங்களின் படங்கள்

பியூட் தெருவில் மதுக்கூடங்கள் நெருக்கமாக அமைந்திருந்தன என்பது மறுக்கவியலாத உண்மை. மாதக்கணக்கில் கடலில் உழன்றவர்கள் கையில் கூலியோடு இறங்கும் இடத்தில் அக்கூலியைக் கவர்ந்துகொள்ளும் கடைகளும் முளைத்துவிடும். வேல்ஸ் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் மதுக்கூடங்களை மூடுமாறு 1881ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. குடிப்பவர்களோ மன்றங்களையும் உரிமமற்ற கள்ளக் கடைகளையும் நாடினர். 1961ஆம் ஆண்டு நடந்த வாக்கெடுப்பில் கார்டிஃப் மக்கள் ஞாயிறன்றும் கடைகளைத் திறக்கவே வாக்களித்தனர். உள்ளம் திருந்தாமல் சட்டத்தால் மட்டும் மதுவை அகற்ற முடியாது என்பதற்கு இவ்வரலாறும் ஒரு சான்று.

மதுவைப் பற்றிய மார்க்கத்தின் நிலைப்பாடு நாம் அனைவரும் அறிந்ததே. எனினும், வரலாற்றை எழுதும்போது நீதியோடு எழுத வேண்டும். அம்மக்களுள் பலருக்கு அந்த மதுக்கூடமே வேலை பற்றிய செய்தி கிடைக்கும் இடமாகவும், கடலில் இறந்தவரை எண்ணித் துயர் பகிரும் இடமாகவும் இருந்தது. முஸ்லிம்களுக்கோ அதே தேவைகளை ஏமனியரும் சோமாலியரும் நடத்திய தங்கும் விடுதிகளும் தேநீர்க் கடைகளும் நிறைவேற்றின. ஹலாலான உணவு, ஊர்க் கடிதம், தொழுவதற்கு ஓர் அறை ஆகியவை அங்கே கிடைத்தன. மதுக்கூடம் நிறைந்த தெருவில் மதுவைத் தொடாமல் வாழ்வதற்கு அவர்கள் கண்ட வழி இதுவே.

1930களின் பிற்பகுதியில் ஏமன் நாட்டு அறிஞர் ஷைகு அப்துல்லாஹ் அலீ அல்ஹகீமி அவர்கள் கார்டிஃப் வந்தபின் இவ்வாழ்வு ஒழுங்குபெற்றது. பீல் தெருவில் வீடுகள் பள்ளிவாசலாக மாற்றப்பட்டன. கடலோடிகளை மணந்து இஸ்லாத்தை ஏற்ற வேல்ஸ் நாட்டுப் பெண்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் மார்க்கக் கல்வி புகட்டப்பட்டது. பெருநாள்களில் பிள்ளைகள் அலங்கார உடையில் தெருக்களில் ஊர்வலம் சென்றனர். 1941ஆம் ஆண்டு ஜெர்மானிய விமானங்கள் வீசிய குண்டுகளால் அப்பள்ளிவாசல் அழிந்தது. மீண்டும் எழுப்பப்பட்டு 1943இல் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் நாம் குறிப்பிட்டவை அவ்வேளையில் எடுக்கப்பட்ட படங்களே.

ஆனால் நாளேடுகளையும் திரைப்படங்களையும் ஈர்த்தவை பியூட் தெருவின் இரவுகளே. 1950ஆம் ஆண்டில் பிக்சர் போஸ்ட் இதழுக்காக பெர்ட் ஹார்டி எடுத்த படங்களில் குழந்தைகளும் குடும்பங்களும் கனிவோடு இடம்பெற்றிருந்தனர். அத்தகைய பார்வை அரிதாகவே இருந்தது. டைகர் பே என்றாலே குற்றமும் குடியும் என்ற எண்ணம் பொதுமக்கள் மனத்தில் ஊறிப்போயிருந்தது.

அவப்பெயர் வாங்கிய உயிர்

இவ்வெண்ணத்துக்கு விலை கொடுத்தவர் மஹ்மூத் ஹுசைன் மத்தான். சோமாலிலாந்தில் பிறந்த முன்னாள் கடலோடி. வேல்ஸ் பெண்ணொருவரை மணந்து மூன்று ஆண் மக்களுக்குத் தந்தையானவர். 1952 மார்ச் மாதம் பியூட் தெருவில் கடை வைத்திருந்த லில்லி வோல்பர்ட் என்னும் பெண்மணி கொலை செய்யப்பட்டார். காவல்துறை மத்தானைக் கைது செய்தது. முக்கிய சாட்சி, முன்பு வேறொரு மனிதரின் அடையாளத்தைக் கூறியிருந்தார். அது நீதிமன்றத்தில் வெளிப்படுத்தப்படவில்லை. மத்தானுக்காக வாதாடிய வழக்கறிஞரே அவரை நாகரிகமற்ற காட்டுமனிதர் என்னும் பொருள்படப் பேசினார். 1952 செப்டம்பர் 3ஆம் நாள் அவர் கார்டிஃப் சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

அவருடைய மனைவியும் மக்களும் பல்லாண்டுகள் ஓயாமல் போராடினர். 1996இல் அவரது உடல் சிறை வளாகத்திலிருந்து எடுக்கப்பட்டுப் பொது மையவாடியில் அடக்கம் செய்யப்பட்டது. 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. 2022இல் காவல்துறை மன்னிப்புக் கேட்டது. தூக்குமேடைக்கும் மன்னிப்புக்கும் இடையே 70 ஆண்டுகள்! செய்தி வந்தால் தீர விசாரிக்குமாறும், ஐயங்களைத் தவிர்க்குமாறும், பிறரை இழிவுப் பெயரிட்டு அழைக்காதிருக்குமாறும் சூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹ் கட்டளையிடுவதன் ஆழம் இவ்வரலாற்றில் விளங்குகிறது.

இடிக்கப்பட்ட தெருக்கள்

1960களில் பழைய பியூட்டவுன் இடிக்கப்பட்டது. பல வீடுகள் பழுதடைந்து ஈரம் படிந்திருந்தன. நல்ல வீடு வேண்டும் என்ற விருப்பம் மக்களிடமும் இருந்தது. ஆயினும் அவப்பெயர் பெற்ற பகுதிக்காக வருந்துவோர் வெளியில் எத்தனை பேர் இருப்பர்? ஒருகாலத்தில் கப்பல் தலைவர்கள் வசித்த லவுடன் சதுக்கத்தில் உயரமான அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்தன. மரியா, ஏஞ்சலினா எனச் சில தெருக்களின் பெயர்கள் மட்டும் எஞ்சின. கார்டிஃப்பிலிருந்து நிலக்கரி ஏற்றுமதி 1964இல் முற்றிலும் நின்றது. மதுக்கூடங்கள் பலவும் பீல் தெருவும் ஒன்றாகவே மண்ணில் மறைந்தன. இன்று மரியா தெருவில் நூருல் இஸ்லாம் பள்ளிவாசலும், ஆலிஸ் தெருவில் தெற்கு வேல்ஸ் இஸ்லாமிய மையமும் அந்தத் தொடர்ச்சியைக் காத்து வருகின்றன.

தெருக்கள் போனபின் மக்கள் ஒரு நற்காரியம் செய்தனர். 1980களின் இறுதியில் தொடங்கப்பட்ட பியூட்டவுன் வரலாறு மற்றும் கலை மையம், வீட்டுப் பெட்டிகளில் கிடந்த படங்களையும் முதியோரின் நினைவுகளையும் சேகரித்தது. திருமணங்கள், பள்ளிக்கூட வகுப்புகள், பெருநாள் ஊர்வலங்கள், வாசற்படியில் அமர்ந்த தாய்மார்கள் என வெளியார் பார்க்காத டைகர் பே அங்கே ஒன்றுசேர்ந்தது. அம்மையம் 2016இல் மூடப்பட்டபோதும் அத்தொகுப்பு கைவிடப்படவில்லை.

இங்கே நம்மவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. 1860ஆம் ஆண்டிலேயே கார்டிஃப்பில் பிரிட்டனின் முதல் பள்ளிவாசல் இருந்தது என்னும் செய்தி முஸ்லிம்களிடையே நெடுங்காலம் பரவியிருந்தது. மூலப் பதிவேட்டை ஆராய்ந்தபோது, பிற்காலத்தில் படியெடுத்ததில் நேர்ந்த பிழையே அது எனத் தெரிந்தது. நம்மை இகழும் செய்தியை விசாரிப்பது போலவே நம்மைப் புகழும் செய்தியையும் விசாரிக்க வேண்டும்.

நம் கடற்கரை ஊர்களிலும் பழைய வீடுகள் நாள்தோறும் இடிபடுகின்றன. தெருக்களின் உருவம் மாறுகிறது. அலமாரியில் கிடக்கும் பழைய படங்களில் இருப்போர் யார் எனச் சொல்லக்கூடிய முதியோர் ஒவ்வொருவராக விடைபெறுகின்றனர். இந்த வெள்ளிக்கிழமை ஜுமுஆவுக்குப் பின் பிள்ளைகளோடு அமர்ந்து அப்படங்களை எடுங்கள். பாட்டனாரிடமும் பாட்டியாரிடமும் கேட்டு, ஒவ்வொன்றின் பின்புறமும் பெயர், இடம், ஆண்டு ஆகியவற்றைப் பென்சிலால் எழுதச் செய்யுங்கள். நம்மைப் பற்றிய சாட்சியத்தைப் பிறர் மட்டுமே எழுதும் நிலை வேண்டாம்.

பீல் தெருவில் பாடம் கேட்ட அப்பிள்ளைகளுக்கும், அவர்களுக்குக் கற்பித்தோருக்கும், அநீதியாக உயிர்பறிக்கப்பட்ட சகோதரர் மஹ்மூத் மத்தானுக்கும் அல்லாஹ் தன் ரஹ்மத்தை அருள்வானாக. ஆமீன்.