ஓர் ஆறும் ஒரு நகரும்: ஒரு பட்டப்படிப்பின் பெயர்

இலங்கையில் தமிழில் படிக்கும் சைவப் பிள்ளைக்குச் சாதாரண தரம் வரை பாடம் 'சைவநெறி'. உயர்தரத்தில் கலைப்பிரிவுக்குப் போனால் 'இந்து நாகரிகம்' என்ற பாடத்தை எடுக்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைமாணிப் பட்டத்துக்கும் அந்தப் பெயரிலேயே படிக்கலாம். வேதம், புராணம், கோயிற்கலை, கிரியை, தத்துவம் எல்லாம் அதில் அடக்கம். சமயத்தையும் பண்பாட்டையும் சேர்த்துப் படிக்கும் படிப்புத்தான். ஆனால் பெயரில் சமயமும் இல்லை, பண்பாடும் இல்லை. பிரித்துப் பார்த்தால் முன்சொல்லில் ஓர் ஆறும் பின்சொல்லில் ஒரு நகரும் கிடைக்கின்றன.

ஆறு, சிந்து. வடமொழிச் சகரம் பழைய ஈரானிய மொழிகளில் ஹகரமாகத் திரியும். 'சப்த' அங்கே 'ஹப்த'. அதுபோலச் சிந்து 'ஹிந்து'. கி.மு. 522 முதல் 486 வரை ஆண்ட பாரசீக மன்னன் தாரியசின் கல்வெட்டுகளில் இது அவன் ஆட்சிக்குட்பட்ட ஒரு நாட்டின் பெயர். கிரேக்கர் ஹகரத்தையும் விட்டு 'இந்தோஸ்' என்றார்கள். இந்தியா அதன் வழி வந்தது. நாட்டுக்கும் நாட்டாருக்கும் வழங்கிய பெயர், ஒரு சமயத்தாரின் பெயராகச் சுருங்கியது வெகுகாலம் கழித்து.

தமிழும் ஹகரத்தை உதிர்த்து 'இந்து' என்றது. அந்த ஒலியில் இங்கே வேறொரு சொல் முன்பே இருந்தது. தேவாரத்தில் 'இந்து' என்று வந்தால் அது சிவன் சடையில் இருக்கும் பிறை. சமயப் பெயரான 'இந்து'வுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

யாழ்ப்பாணத்தில் அந்தச் சமயப் பெயர் ஊன்றிய காலத்தைக் கிட்டத்தட்டச் சுட்டிக்காட்டலாம். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய பள்ளிக்கு இட்ட பெயர் சைவப்பிரகாச வித்தியாசாலை. பிள்ளைகளுக்கு அவர் எழுதியது சைவ வினாவிடை. அவர் 1879இல் மறைந்தார். 1888இல் அமைந்த சைவ பரிபாலன சபையும் சைவத்தையே பெயரில் தாங்கியது. ஆனால் மறு ஆண்டு அச்சபை நடத்தத் தொடங்கிய பத்திரிகை 'இந்து சாதனம்'. அந்தக் காலத்திலேயே எழுந்த கல்லூரி இந்துக் கல்லூரி. வீட்டுக்குள் சைவம், ஆங்கில அரசோடும் பாதிரிமாரோடும் பேசும் இடத்தில் இந்து என்று அந்தத் தலைமுறை பிரித்து வழங்கியதாகத் தோன்றுகிறது.

இனி நகரம். நகரத்தான் என்பதே நாகரிகன். காமசூத்திரம் காட்டும் 'நாகரகன்' சந்தனமும் வீணையும் கையெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் சுகவாசி. பழந்தமிழ் அந்தச் சொல்லை வேறு திசைக்குத் திருப்பிவிட்டது. நற்றிணையின் 355ஆம் பாட்டிலும் திருக்குறளின் 580ஆம் குறளிலும் நாகரிகர் என்பவர், பழகியவர் நஞ்சு கொடுத்தாலும் மறுக்காமல் உண்பவர். அந்தக் குறள் 'கண்ணோட்டம்' அதிகாரத்தின் கடைசிக் குறள். குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகரும் நாகரிகத்துக்குக் கண்ணோட்டம் என்றே பொருள் கொள்கிறார். நகரத்துப் பகட்டு போய், முகம் முறிக்காத மனம் வந்துவிட்டது.

ஐரோப்பாவின் 'சிவிலிசேஷன்' வந்தபோது அந்தப் பழம்பொருள் பின்னுக்குப் போயிற்று. சிவிலிசேஷனின் வேர் இலத்தீனில் குடிமகனைக் குறிக்கும் 'சிவிஸ்'. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் நகரத்திலிருந்தே இணைச்சொல் எடுத்தன. இந்தி, சபையிலிருந்து 'சப்யதா' என்றது. சிங்களத்தில் அது 'சிஷ்டாசாரய', அதாவது சான்றோர் ஒழுக்கம். ஆகவே நாம் பௌத்த நாகரிகம் என்கிற பாடம் சிங்கள மாணவருக்கு 'பௌத்த சிஷ்டாசாரய'.

1924இல் ஜான் மார்ஷல் அரப்பா, மொகஞ்சதாரோ அகழாய்வுச் செய்தியை வெளியிட்ட பிறகு 'சிந்துவெளி நாகரிகம்' என்ற தொடரும் நமக்குப் பழகியது. வேரளவில் பார்த்தால் சிந்து நாகரிகமும் இந்து நாகரிகமும் ஒரே தொடர். பொருளளவில் இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. அந்நகரங்களில் கிடைத்த எழுத்து இன்னும் உறுதியாகப் படிக்கப்படவில்லை. அந்த மக்கள் எந்தச் சமயத்தார் என்பதைப் பெயர் ஒற்றுமையை வைத்து முடிவுசெய்ய முடியாது.

'சைவநெறி'யிலிருந்து 'இந்து நாகரிகம்' ஆனதில் பாடத்தின் தன்மையும் மாறுகிறது. நெறி என்றால் நடக்க வேண்டும். நாகரிகத்தை ஆராயலாம், ஒப்பிடலாம், ஐயுறலாம். உயர்தரப் பாடங்களின் வரிசையில் இஸ்லாமிய நாகரிகமும் கிறிஸ்தவ நாகரிகமும் இருக்கின்றன. இன்று கோயில் வழிபாடு அற்றுப்போன கிரேக்க உரோம நாகரிகமும் அங்கேயே இருக்கிறது. கிரேக்கக் கடவுள் சீயசைப் பற்றி எழுதுகிறவருக்கு எட்டி நின்று பார்ப்பது எளிது. தேர் இழுத்த கோயிலைப் பற்றி எழுதும் மாணவர் அந்தத் தூரத்தைப் பழகித்தான் பெற வேண்டும். அடுத்தவர் வணங்கும் தெய்வத்தைப் பற்றி எழுதும்போதோ தூரம் மட்டும் போதாது. பரிமேலழகர் சொன்ன பொருளிலும் அந்த மாணவர் நாகரிகராக இருந்தாக வேண்டும்.