தந்தைக்கு ஒரு பாடலும் புத்தளம் வீதியும்

ஜாஸ் இசையில் 'ஹார்ட் பொப்' என்றொரு பிரிவு உண்டு. 1950களின் நடுப்பகுதியில், புளூஸையும் தேவாலயப் பாடலையும் கறுப்பினக் கலைஞர்கள் ஜாஸுக்குள் மீளக் கொண்டுவந்தபோது உருவானது. அதன் முன்னோடிகளுள் ஒருவர் பியானோக் கலைஞர் ஹொரஸ் சில்வர் (1928-2014). ட்ரம்பெட், டெனர் சக்ஸபோன், பியானோ, பாஸ், ட்ரம்ஸ் என ஐவர் கொண்ட குழு அவருடையது. அவரது 'சோங் ஃபோர் மை ஃபாதர்' இசைத்தட்டின் 1999ஆம் ஆண்டு மறுபதிப்பு, மூல ஒலிப்பதிவாளரான ரூடி வான் கெல்டரே செப்பனிட்டது, என் மேசையில் கிடக்கிறது. முசலிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அட்டைப்படத்தில் தொப்பியணிந்து அமர்ந்திருப்பவர் சில்வரின் தந்தை. கேப் வேர்டே தீவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். உறவினர் கூடும் வேளைகளில் ஊர்ப்பாடல்களை வாசிப்பார். அந்த மெட்டுகளை ஜாஸில் சேர்த்தாலென்ன என்று மகனிடம் பலமுறை சொல்லியும் மகன் செவிசாய்க்கவில்லை. 1964இல் பிரேசில் சென்று அங்குள்ள தாளத்தைக் கேட்ட பின்னரே மனம் மாறினார். அவ்வாண்டு ஒக்டோபரில், ஜோ ஹென்டர்சன், கார்மெல் ஜோன்ஸ் ஆகியோருடன் புதிய குழுவாகத் தலைப்புப் பாடலைப் பதிவு செய்தார். (முந்தைய குழுவுடன் 1963இல் பதிவு செய்த 'கல்கத்தா கியூட்டி'யும் இதே தட்டில் உண்டு. பெயரைத் தவிர அதில் கல்கத்தாவைத் தேட வேண்டாம்.) அந்தப் பாடலின் தொடக்கப் பாஸ் ஒலியை 1974இல் ஸ்டீலி டான் என்ற ரொக் குழு எடுத்தாண்டது.

கேப் வேர்டேயில் 15ஆம் நூற்றாண்டில் குடியேறி, ஆபிரிக்கரை அடிமைகளாகக் கொண்டுவந்த அதே போர்த்துக்கேயர்தான் 1560இல் மன்னாரைக் கைப்பற்றினர். 1658இல் ஒல்லாந்தர் விரட்டும்வரை முத்துக் குளிப்பின் வருவாய் அவர்களிடமே சென்றது. அவர்களும் பின்வந்தோரும் அடிமைகளாகவும் படையினராகவும் இலங்கைக்குக் கொண்டுவந்த ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் இன்றும் வாழ்கின்றனர். போர்த்துக்கேயக் கிரியோல் மொழியில் அவர்கள் பாடும் 'மஞ்சா'வும் நாம் எல்லோரும் அறிந்த பைலாவும் நெருங்கிய உறவுடையவை. கேப் வேர்டே மக்களும் இவர்களும் ஓரினத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆபிரிக்காவின் வெவ்வேறு கரைகளைச் சேர்ந்தோர் அவர்கள். கப்பல் மட்டுமே ஒன்று.

மரிச்சுக்கட்டியிலிருந்து வில்பத்துக் காட்டினூடாகத் தெற்கே போனால் புத்தளம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, முசலி மக்களிற் பெரும்பாலானோர் தஞ்சமடைந்தது புத்தளம் மாவட்டத்தில்தான்.

2000களின் தொடக்கத்தில் செய்தி சேகரிக்க அங்குள்ள முகாமொன்றுக்குச் சென்றிருந்தேன். சிலாவத்துறையைச் சேர்ந்த முதியவர் ஒருவர் ஓலைக் குடிசை வாசலில் அமர்ந்திருந்தார். வலை இழுக்கையில் தம் வாப்பா பாடிய அம்பாப் பாட்டைப் பற்றிச் சொன்னார். கடலுக்குப் போகாத பிள்ளைகளுக்கு அது எதற்கு என்று தாமே விட்டுவிட்டாராம். பக்கத்துக் குடிசை வானொலியில் பைலா ஒலித்துக்கொண்டிருந்தது. அவருடைய பேரன் அதற்குத் தாளம் போட்டான். நான் வற்புறுத்தவே, இரண்டடி பாடிவிட்டு மூன்றாவது நினைவுக்கு வராமல் நிறுத்திக்கொண்டார்.

அன்று நான் ஒலிப்பதிவுக் கருவி கொண்டு போகவில்லை. நிவாரண அரிசி பற்றிய செய்திக்கு அது எதற்கு என்றிருந்தேன். அந்த இரண்டடியின் சொற்கள் பழைய குறிப்பேட்டில் இருக்கின்றன. மெட்டு இல்லை.